சிஸ்டைன் சிற்றாலயத்துக்கு ‘அதிகாலை நுழைவு’ என்று பணம் கட்டுவதற்கு முன்

கோலாலம்பூரிலிருந்து ரோமுக்குத் திருப்பயணம் கிளம்புகிறவர்கள், அதிலும் வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்களை அழைத்துப் போன பயண முகவர் கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இருப்பவர். விவகாரம் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போயிருப்பதால் பெயர் போடவில்லை. எங்கள் பங்கு ஆலயத்திலிருந்து சில குடும்பங்கள் சேர்ந்து போனோம். பொதுமக்களை விடுவதற்கு முன்பே வத்திக்கான் அருங்காட்சியகத்துக்குள் போய்விடலாம், அதன் வழியாகப் போய்ப் பார்க்கும் சிஸ்டைன் சிற்றாலயத்தில் நெரிசலே இருக்காது என்று சொல்லி, பயணக் கட்டணத்துக்கு மேல் தலைக்கு 480 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார். அம்மாவுக்கு முட்டிவலி. கூட்டத்தில் நிற்கவே முடியாது. அதற்காகத்தான் மறுபேச்சில்லாமல் கட்டினோம்.

அன்று விடுதியிலிருந்து பேருந்து கிளம்பியதே 8.30க்கு. அருங்காட்சியகம் திறப்பது 8 மணிக்கு! கேட்டால், “உங்களுக்குத் தனி வழிங்க, கவலைப்படாதீங்க” என்றார் கூட வந்த பொறுப்பாளர். கையில் கொடுத்த டிக்கெட்டில் 10.30 என்று அச்சிட்டிருந்தது. யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய சாதாரண டிக்கெட். 20 யூரோ, இணையத்தில் முன்பதிவு செய்தால் இன்னும் 5. நம் காசுக்கு 120 வெள்ளியை ஒட்டி வரும். அதுவும் திங்கட்கிழமை. மாதக் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் அங்கே மூடியிருக்கும், அதனால் திங்களன்று கூட்டம் குவியும். இந்தத் தொழிலில் இருப்பவருக்கு இது தெரியாதா? முன்பதிவு இருந்தால் டிக்கெட் வாங்கும் வரிசையில் மட்டும்தான் நிற்க வேண்டாம். பாதுகாப்புச் சோதனைக்கு எல்லாரும் நின்றே ஆக வேண்டும்.

சிற்றாலயம் வாசலுக்குப் பக்கத்தில் இல்லை. கூடம் கூடமாகக் கடந்து போக வேண்டும். நிலப்படக் கூடம் மட்டுமே 120 மீட்டர் நீளம். பின்னாலிருந்து கூட்டம் தள்ள, அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டே நடந்தார். உள்ளே போனதும் சுவரோரப் பெஞ்சுகளில் இடமில்லை. மைக்கேல் ஆஞ்சலோ 1508 முதல் 1512 வரை பாடுபட்டு வரைந்த விதானம் அது, தரையிலிருந்து சுமார் 20 மீட்டர் உயரத்தில். பீடத்துச் சுவரில் உள்ள ‘இறுதித் தீர்ப்பு’ அதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து அவரே வரைந்தது. நிதானமாக அண்ணாந்து பார்த்தால்தான் எது எங்கே இருக்கிறதென்றே புரியும். உள்ளே வழிகாட்டி விளக்கம் சொல்லக் கூடாது, முன்பே வெளி முற்றத்தில் சொல்லிவிட வேண்டும். எங்களுக்கு அதையும் செய்யவில்லை. சிறு வயதிலிருந்து காலண்டர் படத்தில் பார்த்த ஆதாமின் விரலை அம்மா மேலே தேடிக் கண்டுபிடிப்பதற்குள், நகரச் சொல்லிவிட்டார்கள். பணத்தைவிட எனக்கு ஆறாதது இதுதான்.

திறப்பதற்கு முன்பே உள்ளே அழைத்துப் போகும் சுற்றுகள் உண்மையிலேயே இருக்கின்றன, விலையும் அதிகம்தான். ஆகவே ‘அதிகாலை’ என்ற வாய்ப்பேச்சை மட்டும் நம்பாதீர்கள். எத்தனை மணிக்கு நுழைவு, யார் நடத்தும் சுற்று என்று முழுப்பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். முகவருக்கு உரிமம் இருக்கிறதா என்று சுற்றுலா அமைச்சில் சரிபாருங்கள். புனித பேதுரு பேராலயத்துக்குள் போகக் கட்டணமே கிடையாது, அதற்கும் சேர்த்து ‘நுழைவுக் கட்டணம்’ போட்டிருந்தால் உடனே கேள்வி கேளுங்கள். அப்புறம், உங்கள் பயணத்தில் மிலானும் இருந்தால், அங்குள்ள லியனார்டோவின் இறுதி இராவுணவு ஓவியம். அங்கே நாள் முழுக்கச் சிறு சிறு குழுவாகத்தான் விடுகிறார்கள், குழுவுக்கு 15 நிமிடம். கூட்டத்தைத் தவிர்க்க என்று அங்கே தனிப்பணம் கொடுக்கத் தேவையில்லை.

திரும்பி வந்து முறையிட்டதற்கு, அடுத்த பயணத்தில் 50 வெள்ளி தள்ளுபடி தருகிறாராம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம். மூன்று ஆண்டுகளுக்குள் பதிந்துவிட வேண்டும். இதே போல் பணம் கட்டி ஏமாந்தவர்கள் விளம்பரத் தாள், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். மனுவை எப்படி நிரப்புவது என்று தெரியாவிட்டால் எனக்கு எழுதுங்கள், என்னுடையதைக் காட்டுகிறேன்.