வால்பேப்பர் உரித்த சுவருக்கு எந்தப் பட்டி?

வால்பேப்பரை உரித்ததும் மிச்சப் பசையை வெந்நீரும் ஸ்பாஞ்சும் கொண்டு கழுவிவிடுங்கள். தொட்டால் வழவழப்பு இருக்கவே கூடாது. இருந்தால் எந்தப் பட்டியும் (பெயின்ட்டுக்கு முன் சுவரைச் சமமாக்கப் பூசும் கலவை) பெயர்ந்துதான் வரும்.

அக்ரிலிக் பட்டி டப்பாவிலேயே குழைவாக வருகிறது. இழுப்பதும் தேய்ப்பதும் எளிது. ஆனால் ஈரம் பட்டால் இளகிவிடும்.

வெள்ளை சிமென்ட் பட்டி தூளாக வரும். தண்ணீரில் கட்டியில்லாமல் கலக்கி, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் பூசிவிட வேண்டும். அதற்கு முன் சுவரை நனைக்க வேண்டும். நன்றாக இறுகியபின் உப்புத்தாள் போட்டால் கை கடுக்கும். தூசியும் அதிகம், மாஸ்க் கட்டாயம். ஆனாலும் சிமென்ட் பூச்சு தெரியும் சுவரில் கல்லாகப் பிடித்துக்கொள்ளும்.

குளியலறையை ஒட்டிய சுவர் என்றால் நான் யோசிக்காமல் வெள்ளை சிமென்ட்தான் சொல்வேன். பழைய பெயின்ட் ஒட்டியிருக்கும் உலர்ந்த படுக்கையறைக்கு அக்ரிலிக் போதும்.