மிஷன் ஸ்ட்ரீட் பக்கம் இருக்குற பிரான்ஸ் படிப்பு சென்டர்: பேப்பர் வேலைக்கு போலாம், வீட்டு வாடகை உதவிக்கு இவங்கள நம்பாதீங்க

5க்கு 3 ஸ்டார். பாண்டில பிரான்ஸ் போற பசங்களுக்கு பேப்பர் ரெடி பண்ணிக் குடுக்குற சென்டர் நிறைய இருக்கு, நான் சொல்றது மிஷன் ஸ்ட்ரீட் பக்கம் மாடியில இருக்குற ஒண்ணு, பேர் வேணாம். எங்க அத்தை பொண்ணு பிரான்ஸ்ல இருக்குற மோன்பெலியே ஊருக்கு படிக்க போனப்ப எல்லாத்தையும் இவங்ககிட்டதான் குடுத்தோம். அவ தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவரு, அதனால அவளுக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி.

மொதல்ல நல்லத சொல்லிடுறேன். பேப்பர் வேலைல இவங்க கெட்டிதான். நம்ம ஊர் சர்ட்டிபிகேட்ல இனிஷியல் ஒரு மாதிரி இருக்கும், பிரெஞ்சு ரெக்கார்டுல அப்பா பேரு சர்நேம் எடத்துல போயி உக்காந்திருக்கும், ரெண்டும் ஒரே ஆளுதான்னு காட்ட எந்த பேப்பர் வேணும்னு கவுன்ட்டர்ல இருக்குற மேடம் பாத்த ஒடனே சொல்லிட்டாங்க, பர்த் சர்ட்டிபிகேட் மொழிபெயர்ப்பும் ஒரு எழுத்து தப்பில்லாம வந்துச்சு. பூர்ஸ், அதாவது பிரெஞ்சு அரசு ஸ்காலர்ஷிப், அதுக்கு அப்ளிகேஷன் மார்ச்ல தொறந்து மே கடைசி வரைக்கும்தான், அதையும் முன்னாடியே ஞாபகப்படுத்துனாங்க. இதுக்கு குடுத்த காசு தகும்.

பிரச்சனை ஆரம்பிச்சது ஏபிஎல்ல. தெரியாதவங்களுக்கு, பிரான்ஸ்ல வாடகைக்கு இருக்குற மாணவங்களுக்கு காஃப்னு ஒரு அரசு அமைப்பு மாசாமாசம் வாடகைல ஒரு பங்க குடுக்கும், அதுதான் ஏபிஎல். பூர்ஸ் வேற, அத க்ரூஸ்னு மாணவங்களுக்கான இன்னொரு அரசு அமைப்பு குடுக்குது, அப்பா அம்மா வருமானத்த பாத்து வருஷத்துக்கு 1,454 யூரோல இருந்து 6,335 யூரோ வரைக்கும், 10 மாசமா பிரிச்சு வரும். இப்ப பூர்ஸ் வாங்குனா ஏபிஎல் என்ன ஆகும்ங்குறதுதான் எல்லாரும் கேக்குற கேள்வி. இவங்க அத்தைகிட்ட சொன்ன பதில் இது: "பூர்ஸ் வருதுன்னு காஃப்ல சொன்னீங்கன்னா அத வருமானம்னு கணக்கு பண்ணி வீட்டு காச கொறச்சுடுவாங்கம்மா, அந்த எடத்துல இல்லன்னு போட்டுடலாம்." அத்தையும் பயந்துபோயி சரின்னுட்டாங்க.

இது சுத்த தப்பு, தப்புங்குறது மட்டும் இல்ல, ஆபத்தும் கூட. 2021 ஜனவரில இருந்து ஏபிஎல் கணக்கே மாறிடுச்சு, மத்தவங்களுக்கு கடைசி 12 மாச வருமானத்த பாக்குறாங்க, மாணவங்களுக்கு மட்டும் ஒரு நிலையான தொகைய வருமானம்னு வச்சுக்குறாங்க, அந்த தொகை பூர்ஸ் இருக்குறவங்களுக்கு கம்மி, இல்லாதவங்களுக்கு அதிகம். வருமானம் கம்மின்னு வச்சா உதவி கூடத்தான செய்யும். அன்னைக்கு ராத்திரி அத்தை பொண்ணு காஃப் சைட்ல எவ்வளவு வரும்னு கணக்கு போட்டு காட்டுற சிமுலேட்டர தொறந்தா, அதே ஊரு, அதே ரூம், அதே வாடகை, பூர்ஸ் உண்டாங்குற ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில மாத்தி பாத்தோம், ஆமான்னு போட்டப்பதான் தொகை ஏறுச்சு. இவங்க சொன்னபடி போட்டிருந்தா மாசாமாசம் வரவேண்டிய காசும் போயிருக்கும், அரசாங்கத்துகிட்ட பொய் சொன்ன கணக்கும் ஆயிருக்கும். படிக்க போற புள்ளைய மொத பேப்பர்லயே பொய் எழுத சொல்றது எனக்கு பொறுக்கவே இல்ல. மறுநாள் போயி கேட்டா "எங்களுக்கு தெரிஞ்சத சொன்னோம்"னு முடிச்சுட்டாங்க.

அதோட இவங்க சொல்லாம விட்டதும் இருக்கு. வீட்டுக்குள்ள போன மாசத்துக்கு ஏபிஎல் கெடையாது, செப்டம்பர்ல போனா அக்டோபர்ல இருந்துதான் கணக்கு, அந்த காசு கைக்கு வர்றது நவம்பர் 5 வாக்குல, லேட்டா அப்ளை பண்ணா விட்ட மாசம் விட்டதுதான். அதனால மொத ரெண்டு மாச வாடகைய கைல வச்சுக்கிட்டு ஏறுங்க. இன்னொன்னு நம்ம பாண்டி குடும்பங்களுக்கு ரொம்ப முக்கியம்: அங்க தாத்தா பாட்டி இல்ல அப்பா அம்மா பேருல வீடு இருந்து அதுல வாடகைக்கு இருக்கேன்னு காட்டுனா ஏபிஎல் வராது. மாமா சித்தப்பா வீடுன்னா இந்த தடை இல்ல, ஆனா உண்மையா ஒப்பந்தம் போட்டு வாடகை குடுக்கணும், சும்மா தங்குனா எதுவும் கெடையாது. ரூமும் 9 சதுர மீட்டருக்கு கம்மியா இருக்கக்கூடாது. ஃப்ரெண்ட்ஸ் சேந்து எடுத்தா ஒப்பந்தத்துல ஒங்க பேரும் இருக்கணும், அப்ப அவங்கவங்க பங்குக்கு தனித்தனியா கேக்கலாம்.

இந்தியன் பாஸ்போர்ட்ல போற பசங்கதான் இன்னும் கவனமா இருக்கணும். புதுசா போறவங்களுக்கு க்ரூஸ் பூர்ஸ் பொதுவா கெடைக்காது, ஆனா இத்தன வருஷமா பூர்ஸ் இல்லன்னாலும் ஏபிஎல் கெடைச்சுட்டு இருந்துச்சு. 2025 அக்டோபர்ல பிரெஞ்சு அரசு வச்ச 2026 பட்ஜெட் வரைவுல, ஐரோப்பிய யூனியனுக்கு வெளிய இருந்து வந்து, குடும்ப வருமானத்த பாத்து குடுக்குற பூர்ஸ் இல்லாத மாணவங்களுக்கு ஏபிஎல்ல நிறுத்தணும்னு போட்டாங்க. அப்படின்னா பூர்ஸ்தான் வாடகை உதவிக்கே வாசக்கதவு. இவங்க என்னன்னா, நாங்க போனப்ப பக்கத்து சீட்ல இருந்த பையனுக்கு செலவு கணக்கு போட்டு குடுத்த பேப்பர்லயும் ஏபிஎல்ல வரவுல சேத்து எழுதிக்கிட்டு இருந்தாங்க. அவங்க அப்பா அத நம்பி லோன் தொகைய கொறச்சு கேட்டார்னா அங்க போயி அந்த பையன்தான் தவிப்பான். காஃப் சைட்ல இப்ப என்ன விதின்னு நீங்களே பாத்துட்டு அப்புறம் பேங்குக்கு போங்க.

காஃப் அப்ளிகேஷனுக்குன்னு தனியா ஃபீஸ் கேட்டாங்க, அத குடுக்காதீங்க. அந்த அப்ளிகேஷன் ஃப்ரீ, அங்க போயி பேங்க் அக்கவுன்ட் தொறந்து வாடகை ஒப்பந்தம் கைக்கு வந்த ஒடனே ஒங்க புள்ளையே போன்ல போட்டுடலாம், எங்க அத்தை பொண்ணு அப்படித்தான் போட்டா, பூர்ஸ் உண்டுன்னே எழுதி.