குப்பென்று ஏறும் சூட்டுக்குப் பூசும் ஜெல்

மாதவிடாய் நிற்கும் வயதில் நெஞ்சில் கிளம்பி கழுத்து, முகம் என்று குப்பென்று ஏறுமே ஒரு சூடு, அதற்கு டாக்டர் எழுதிக்கொடுத்து நான் பூசிவரும் எஸ்ட்ரடையால் என்ற பெண் ஹார்மோன் ஜெல்லைப் பற்றி இது. நன்றாகவே கேட்கிறது. ஆனால் மறுநாளே நிற்காது. எனக்கு முதலில் ராத்திரி வேர்வை குறைந்தது, நடுச்சாமத்தில் தலையணை உறை மாற்றும் வேலை போனது. வகுப்பில் பாடம் நடத்தும்போது வருவது அடங்க இன்னும் சில வாரம் பிடித்தது. இதற்கு முன் மருந்துக்கடையில் கையில் திணித்த ஈவ்னிங் பிரிம்ரோஸ் எண்ணெய் மாத்திரையில் பாட்டில் காலியானதுதான் மிச்சம்.

நிறமில்லாத ஜெல், ஸ்பிரிட் வாடை. மருந்து 0.06 சதவீதம்தான். குளித்துத் துவட்டிய பின் மணிக்கட்டிலிருந்து தோள்வரை மெல்லிசாக இழுத்துவிட வேண்டும். மார்பில் பூசவே கூடாது. காய்வதற்குள் ரவிக்கையைப் போட்டால் மருந்து துணிக்குத்தான். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் கையை விரித்துக்கொண்டு ஃபேனுக்கு அடியில் நிற்பது எரிச்சலான வேலை. வீட்டுக்காரர் சோளக்கொல்லைப் பொம்மை என்கிறார். பூசிய கையோடு பேத்தியைத் தூக்கவும் முடியாது, குழந்தைமேல் ஒட்டக் கூடாத மருந்து.

விழுங்கும் மாத்திரை முதலில் கல்லீரலுக்குப் போகும். இது தோல் வழியாக நேரே ரத்தத்தில் கலப்பதால் ரத்தம் உறையும் அபாயம் குறைவு. கர்ப்பப்பை இருப்பவர்களுக்கு ஜெல் மட்டும் போதாது. கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்துப் புற்றில் முடியாமலிருக்க ப்ரொஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் வேண்டும். எனக்கு அது ராத்திரி மாத்திரை. போட்டால் கண்ணைச் சொக்குகிறது, அதைப் பக்கவிளைவு என்று சொல்ல மனசு வரவில்லை.

2002இல் வந்த அமெரிக்க ஆய்வுக்குப் பிறகு ஹார்மோன் என்றாலே புற்றுநோய் பயம். அதில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. அறுபதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுக்குள் தொடங்குபவர்களுக்குப் பெரும்பாலும் நன்மையே கூடுதல். அபாயம் அறவே இல்லை என்றில்லை, எனக்கு மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். மார்பகப் புற்றோ காலில் ரத்தக்கட்டோ வந்தவர்கள் தாமாக வாங்கிப் பூசிவிடாதீர்கள். கேபாபென்டின் மாதிரி ஹார்மோன் இல்லாத மருந்துகளும் இருக்கின்றன, டாக்டரிடம் கேளுங்கள்.

எங்கள் ஊர்க் கடைகளில் கேட்டால் "மூட்டுவலி ஜெல்லா அக்கா?" என்கிறார்கள். சொல்லிவைத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது, தீரப்போகிற வாரத்திலேயே சொல்லிவிடுங்கள்.