ஒரே ஒரு கோப்பின் மெர்ஜ் கெட்டுவிட்டால்: முழுவதையும் கலைப்பதா, அதை மட்டும் திரும்பச் செய்வதா?

மென்பொருளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட்டில் இரண்டு கிளைகளை, அதாவது தனித்தனியே திருத்திய இரண்டு வடிவங்களை, இணைக்கிறோம் (மெர்ஜ்). ஏழெட்டுக் கோப்புகளில் ஒரே இடம் இரு விதமாக மாறியிருப்பதால் முரண் வருகிறது, ஒவ்வொன்றாகத் தீர்க்கிறோம். கமிட் செய்யும் முன், அதாவது கிட்டில் பதிவு செய்யும் முன் பார்த்தால், அவற்றில் ஒன்று மட்டும் தவறாக இணைந்திருக்கிறது. இந்த நிலையில் என்ன செய்வது என்பதில் எங்கள் குழுவுக்குள் நீண்ட நாளாகக் கருத்து வேறுபாடு இருந்தது. இந்த மழைக்காலத்தில் ஒரு முடிவுக்கு வந்தோம். அந்த முடிவின் பக்கம் நின்றுதான் இதை எழுதுகிறேன்.

குலசேகரம் பக்கத்தில் ரப்பர் ஷீட்டும் ரப்பர் பாலும் கொள்முதல் செய்யும் ஒரு கடைக்குக் கணக்கு மென்பொருள் எழுதித் தருகிறோம். ஒருவர் மார்த்தாண்டத்தில் வீட்டிலிருந்தும் மற்றவர்கள் நாகர்கோவில் அலுவலகத்திலிருந்தும் வேலை செய்கிறோம். விலை கணக்கிடும் கோப்பில் எல்லாருடைய கையும் படும். முரண் பெரும்பாலும் அங்கேதான் வரும்.

முதல் வழி எல்லாருக்கும் தெரிந்தது: 'கிட் மெர்ஜ் --அபார்ட்' கொடுத்து மொத்தத்தையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது. எளிது, தெளிவானது. ஆனால் சரியாகத் தீர்த்த மற்றக் கோப்புகளின் உழைப்பும் சேர்ந்தே போய்விடும். மெர்ஜ் தொடங்கும்போது கமிட் செய்யாத மாற்றங்கள் இருந்திருந்தால், அவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாமலும் போகலாம்.

இரண்டாவது, 'செக்அவுட் --அவர்ஸ்' (நம்முடையது) அல்லது '--தெயர்ஸ்' (எதிர்க்கிளையுடையது) கொடுத்து ஒரு பக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்வது. அவசரத்தில் பலர் இதைத்தான் நாடுகிறார்கள். இது முரண்பட்ட வரிகளை மட்டுமல்ல, கோப்பு முழுவதையும் அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துவைக்கும். முரணே இல்லாமல் தானாக இணைந்திருந்த மறுபக்கத்து மாற்றங்களும் சத்தமில்லாமல் காணாமல்போகும். ரீபேஸ் செய்யும்போது (நம் கமிட்களை வேறொரு கிளையின் மேல் திரும்ப வைக்கும்போது) 'அவர்ஸ்', 'தெயர்ஸ்' இரண்டும் இடம்மாறி நிற்கும் என்பதும் சேர்ந்துகொண்டால் ஆபத்து இன்னும் கூடுகிறது. பூட்டுக்கோப்பு (லாக் ஃபைல்) போல இயந்திரம் உருவாக்கும் கோப்புகளுக்கு இது போதும். விலைக் கணக்குக்கு இதை நான் அனுமதிப்பதில்லை.

நாங்கள் தேர்ந்தது மூன்றாவது: 'கிட் செக்அவுட் --மெர்ஜ்' என்று கொடுத்து அந்தக் கோப்பின் பெயரை மட்டும் குறிப்பிடுவது. 2019-இல் கிட் 2.23-உடன் வந்த 'ரெஸ்டோர் --மெர்ஜ்' கட்டளையும் இதையே செய்யும். முரண் வந்த கோப்புக்குக் கிட் தன் இன்டெக்ஸில் (அடுத்த கமிட்டுக்கானவற்றை வைக்கும் இடத்தில்) மூன்று பிரதிகளை வைத்திருக்கிறது. முதலாவது இரு கிளைகளுக்கும் பொதுவான பழைய வடிவம், இரண்டாவது நம்முடையது, மூன்றாவது எதிர்க்கிளையுடையது. இந்த மூன்றையும் கொண்டு அந்த ஒரு கோப்பின் முரணை மட்டும் புதிதாக எழுதித் தருகிறது. 'கிட் ஆட்' கொடுத்துத் தீர்ந்ததாகக் குறித்துவிட்ட பிறகும் இது பலிக்கும். தீர்த்த முரண்களைப் பற்றிய தகவலைக் கிட் தனியே சேமித்து வைத்திருப்பதே காரணம். இந்த வசதி பலருக்கும் தெரியாது. ஆட் கொடுத்தாயிற்று, இனி வழியில்லை என்று எண்ணித்தான் முழு மெர்ஜையும் கலைக்கிறார்கள்.

இதோடு '--கான்ஃப்ளிக்ட்=டிஃப்3' என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். எங்களிடம் வந்த முரண் இப்படிப்பட்டது: நம் பக்கத்தில் ஷீட்டின் எடையிலிருந்து ஈரக்கழிவைக் குறைக்கும் வரி இருக்கிறது, எதிர்ப்பக்கத்தில் அந்த வரி இல்லை. கிட் கோப்புக்குள் இடும் வழக்கமான முரண்குறிகள் இவ்வளவைத்தான் காட்டும். அது நாம் புதிதாகச் சேர்த்த வரியா, மார்த்தாண்டத்தில் இருப்பவர் வேண்டுமென்றே நீக்கிய வரியா? இரண்டு பக்கத்தையும் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் விடை கிடைக்காது. டிஃப்3 முறையில் நடுவே பழைய வடிவமும் தெரியும். அதில் அந்த வரி இருந்தால் அவர் நீக்கியிருக்கிறார், இல்லாவிட்டால் நாம் சேர்த்திருக்கிறோம். மழையில் ஷீட் சரியாக உலராது. நூறு கிலோவுக்கு 2 சதவீதம் கழிவு என்றால் 2 கிலோவின் விலை. அது விவசாயிக்குப் போக வேண்டிய பணமா இல்லையா என்பதை அந்த நடுப்பகுதிதான் சொல்கிறது. கிட் 2.35 அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால் 'இசட்டிஃப்3' இன்னும் சுருக்கமாகக் காட்டும்.

ஆனால் என்னை இந்தப் பக்கம் சாய்த்தது வேறொன்று: மறுபரிசோதனை. எங்களுக்கென்று தனிச் சோதனைக் குழு கிடையாது. கடையின் கணக்கர்தான் பழைய பில்களை வைத்து ஒவ்வொரு திரையாகச் சரிபார்த்துத் தருகிறார். காலையில் பால் வரும், டி.ஆர்.சி. (பாலில் உள்ள உலர் ரப்பரின் அளவு) பார்த்துத் தொகை போட்டு முடிக்கவே அவருக்கு நேரம் சரியாக இருக்கும். அதன் பிறகு கிடைக்கும் நேரத்தில்தான் நம் வேலை. "எதை மாற்றினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள் தம்பி, அதைப் பார்த்துவிடுகிறேன்" என்பார். மெர்ஜை முழுதாகக் கலைத்துத் திரும்பச் செய்தால் இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் 'எல்லாவற்றையும்' என்பதுதான். இருப்புக் கணக்கு, முன்பணம், ரசீது அச்சு என்று அவர் ஏற்கெனவே பார்த்து ஒப்புக்கொண்டவை அனைத்தும் மனிதக் கையால் மறுபடி இணைக்கப்பட்டவை ஆகிவிடுகின்றன. இரண்டாம் முறையும் அதே மாதிரி இணைத்தோம் என்று யார் உறுதி சொல்வது? ஒரு கோப்பை மட்டும் திரும்பச் செய்தால் மற்றவை ஓர் எழுத்தும் மாறாமல் அப்படியே நிற்கும். விலைத் திரையை மட்டும் பார்த்தால் போதும் என்று தைரியமாகச் சொல்லலாம்.

முரண்களைத் தீர்த்த விதத்தை நினைவில் வைக்கும் 'ரீரீர்' இருக்கிறதே, கலைத்தாலும் பழைய தீர்வுகளைத் தானே திரும்பப் போடுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மெர்ஜுக்கு முன்பே அது இயக்கத்தில் இருக்க வேண்டும். கமிட் செய்யாமல் கலைப்பதானால், அதற்கு முன் 'கிட் ரீரீர்' கொடுத்துத் தீர்வுகளைப் பதிய வேண்டும். அப்படிப் பதிந்தால் தவறான தீர்வும் சேர்ந்தே பதியும். அந்தக் கோப்புக்கு 'ரீரீர் ஃபர்கெட்' கொடுக்காவிட்டால் அடுத்த முறை அதே தவறு தானாக வந்து உட்காரும்.

எங்கள் வழியிலும் குறை உண்டு. அந்தக் கோப்பில் அதுவரை செய்த திருத்தங்களைக் கேட்காமலே அழித்துவிடும், நகலும் வைக்காது. வேண்டுமானால் முதலில் வேறு பெயரில் சேமித்துக்கொள்ள வேண்டும். முரண்குறிகளில் கிளைப்பெயருக்குப் பதில் 'அவர்ஸ்', 'தெயர்ஸ்' என்றே வரும்.

இந்த இடத்தில், கிட்டைப் போன்ற இன்னொரு கருவியான மெர்க்யூரியல் நிதானமானது. 'ரிசால்வ் --அன்மார்க்' கொடுத்துவிட்டு 'ரிசால்வ்' கொடுத்தால் அந்தக் கோப்பு மட்டும் மறுபடி இணையும், முந்தைய வடிவம் '.ஆரிக்' என்ற பின்னொட்டுடன் பத்திரமாக இருக்கும். சிறு திட்டங்களில் மட்டுமே அதைக் கையாண்டிருக்கிறேன் என்பதால், பெரிய குழுக்களுக்கு அதைப் பரிந்துரைக்கும் அளவுக்கு எனக்கு அனுபவம் போதாது.

தவறான கிளையையே இணைத்துவிட்டால் மட்டும் யோசிக்காமல் முழுவதையும் கலையுங்கள். கமிட் செய்த பிறகு பிழை தெரிந்தால், கிட் 2.36 முதல் உள்ள 'ஷோ --ரீமெர்ஜ்-டிஃப்' தானியங்கி மெர்ஜிலிருந்து நம் கை எங்கெங்கே விலகியது என்று காட்டும். தற்காலிகக் கிளை ஒன்றில் அதே மெர்ஜைத் திரும்ப ஓட்டி, கெட்ட கோப்பை மட்டும் சரியாகத் தீர்த்து எடுத்துவந்து வைக்கலாம். இன்னும் புஷ் செய்யவில்லை (பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்பவில்லை) என்றால் அமெண்ட் (அதே கமிட்டைத் திருத்துவது), செய்துவிட்டால் தனிக் கமிட்.