சாம்பிளை எடை போடாமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்

சின்னப் பிள்ளைகளுக்கு மேசை, நாற்காலி, துணி வைக்க மூன்று டிராயர் அலமாரி என்று ஒரு புது வரிசை கொண்டுவர நானும் என் கூட்டாளியும் ஒரு வருடம் மெனக்கெட்டோம். வரைபடம், மாதிரி, பரிசோதனை, உற்பத்தி எல்லாவற்றையும் தாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொன்ன நிறுவனம் ஒன்றிடம் ஏமாந்தோம்.

நாற்காலி இருக்கையின் உயரம் 260 மில்லிமீட்டர் என்றால் மேசை 460 இருக்க வேண்டும். பள்ளித் தளவாடங்களுக்கான ஐரோப்பியத் தரமான இஎன் 1729இல் அது ஒரே ஜோடி. இவர்கள் மேசையை அடுத்த அளவுக்கான 530இல் செய்து அனுப்பினார்கள். பிள்ளை உட்கார்ந்தால் பலகை நெஞ்சில் இடிக்கிறது. சரி, இது கவனக்குறைவு. காலை அறுத்துச் சரிசெய்துவிடலாம். அலமாரியில் செய்ததுதான் மோசடி.

சாம்பிள் வந்த அன்று மூன்று டிராயரையும் இழுத்துவிட்டு, மேல் டிராயரைக் கையால் அழுத்தியும் பார்த்தோம். குத்துக்கல் மாதிரி நின்றது. சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டு, பாதிப் பணத்தையும் முன்பணமாகக் கொடுத்தோம். அப்புறம் முதல் லாட் வந்தது. இரண்டு டிராயரைத் திறந்ததுமே அலமாரி முன்னால் சாய்ந்தது. கூட்டாளி முழங்காலைக் கொடுத்துத் தாங்கினார். உள்ளே ஒரு துணிகூட இல்லை. பிள்ளைகள் டிராயரைப் படிக்கட்டாக்கி ஏறுவார்கள் என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

இரண்டையும் தராசில் ஏற்றினோம். சாம்பிள் 9 கிலோ கூடுதல்! அடிப்பலகையைக் கழற்றினால், பின்பக்க ஓரமாக இரண்டு இரும்புப் பட்டைகள் திருகப்பட்டு, மேலே பிளைவுட் துண்டு ஒட்டிப் பெயின்ட் அடிக்கப்பட்டிருந்தது. உற்பத்தியில் வந்ததில் பட்டையும் இல்லை, முதுகுப் பலகையும் அட்டை மாதிரி மெலிசு. கேட்டதற்கு, “சாம்பிள் தோற்றத்துக்குத்தான் சார்” என்றார்கள். ஒப்பந்தத்தில் நாலாம் பக்கத்தில் அப்படித்தான் ஒரு வரி இருந்தது. படிக்காதது எங்கள் தப்பு.

பரிசோதனை அறிக்கை இன்னும் கேவலம். ஏஎஸ்டிஎம் எஃப் 2057-23 தரத்தில் தேறியதாக இருந்தது. அமெரிக்காவில் 27 அங்குலமும் அதற்கு மேலும் உயரமுள்ள துணி அலமாரிகளுக்கு 2023 செப்டம்பரிலிருந்து கட்டாயமான தரம் அது. டிராயர்களில் எடை போட்டுத் திறந்து வைத்தும், கம்பளத்தின் மேல் நிற்கும்போது சுமார் 27 கிலோ பிள்ளை தொங்கினாலும் கவிழாதா என்றும் அதில் பார்க்கிறார்கள். முதல் பக்க முத்திரையைப் பார்த்தே நம்பிவிட்டோம். உள்ளே படத்தில் இருந்த அலமாரிக்கு நான்கு டிராயர்! பரிசோதனைக்கூடத்துக்குப் போன் போட்டோம். அறிக்கை எண் உண்மைதான், பொருள் வேறு யாருடையதோ.

புதிதாக இறங்குபவர்கள் சாம்பிளைக் கழற்றிப் பாருங்கள். எடையையும் பலகையின் கனத்தையும் ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள். இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒரு சாம்பிள் உங்களிடமே இருக்கட்டும். வரைபடக் கோப்புகளையும் முன்பணத்துக்கு முன்னாலேயே வாங்கிவிடுங்கள். எங்களுடையது இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

பணம் திரும்பி வரவில்லை. “சுவரோடு பிணைக்கிற பட்டை ஒன்றைச் சேர்த்து விற்றுவிடுங்களேன்” என்று யோசனை மட்டும் வந்தது. அந்தப் பட்டை எந்த அலமாரிக்கும் வேண்டியதுதான். ஆனால் அதை மாட்டாத வீடுகளை நினைத்துப் பார்த்தோம். லாட் முழுவதும் குடோனில் கிடக்கிறது.