மதம் குறையுதா கூடுதா? வேர்ல்ட் வேல்யூஸ் சர்வே சைட்ட நோண்டிப் பாத்ததுல தெரிஞ்சது

மதத்தோட செல்வாக்கு காலப்போக்குல கொறஞ்சிருமாங்கற வாக்குவாதத்துல ஆளாளுக்கு நம்பறதத்தான் சொல்லுவாங்க, அந்த மாதிரி ஆளுங்க எல்லாருக்கும் நான் சிபாரிசு பண்றது வேர்ல்ட் வேல்யூஸ் சர்வே வெப்சைட்ல இருக்கற ஆன்லைன் அனாலிசிஸ் பகுதிய. முழுக்க இலவசம். பல நாட்டு ஜனங்ககிட்ட அவங்க நம்பிக்கை, மதிப்புகள பத்தி சில வருஷத்துக்கு ஒரு சுற்றுனு கேட்டு எடுக்கற சர்வே இது, 1981ல ஆரம்பிச்சது, ரொம்ப காலம் தலைமை தாங்கி நடத்தினவர் அமெரிக்க அரசியல் ஆய்வாளர் ரொனால்ட் இங்கில்ஹார்ட். ஏழாவது சுற்று 2017லேருந்து 2022 வரைக்கும் நடந்துச்சு.

எந்த சுற்று, எந்த நாடு, எந்த கேள்வினு செலக்ட் பண்ணா டேபிள் வந்துரும். உங்க வாழ்க்கைல மதம் எவ்ளோ முக்கியம், வழிபாட்டுக்கு எவ்ளோ அடிக்கடி போறீங்க, கடவுள் முக்கியமானு 1லேருந்து 10க்குள்ள ஒரு நம்பர், இப்படி நேரடியான கேள்விங்க. வயசுவாரியாவும் பிரிச்சுப் பாக்கலாம், ஆனா இங்க ஒண்ணு கவனிக்கணும், இளசுங்களுக்கு பக்தி கம்மியா இருக்குனு ஒரே ஒரு டேபிள பாத்து முடிவு பண்ணிராதீங்க, வயசாக ஆக பக்தி கூடறதா இல்ல தலைமுறையே மாறிருச்சாங்கறது அதுல தெரியாது, அதே வருஷங்கள்ல பொறந்தவங்க முந்தின சுற்றுல என்ன சொன்னாங்க இப்ப என்ன சொல்றாங்கனு ஒப்பிட்டாதான் வெளங்கும். பல சுற்று டேட்டா ஒரே எடத்துல கெடைக்கறது அதனாலதான் பெரிய விஷயம்.

இந்த டேட்டாவ வெச்சு இங்கில்ஹார்ட் சொன்ன கணக்கு ஒண்ணு இருக்கு. 1981லேருந்து 2007 வரைக்கும் 49 நாட்டுல 33 நாட்டுல மதப்பற்று கூடியிருந்துச்சு, 2007லேருந்து 2019க்குள்ள அதே 49ல 43 நாட்டுல கொறஞ்சிருச்சு! சயின்ஸ் வளர வளர மதம் தானா போயிரும்னு சொல்றவங்களும் சரி, மதம் அசையவே அசையாதுனு சொல்றவங்களும் சரி, இந்த ரெண்டையும் சேத்து விளக்கியாகணும். சாப்பாடு, மருத்துவம், உயிருக்கு பாதுகாப்பு இதெல்லாம் உறுதியான எடத்துல மதத்தோட தேவை கொறையுதுங்கறது அவரோட வாதம், எனக்கு அது பெருமளவு சரினுதான் படுது.

ஆனா தனி ஆளோட நம்பிக்கை வேற, சமூகத்து மேல மதத்துக்கு இருக்கற பிடி வேற. சர்வே அளக்கறது பெரும்பாலும் முதலாவதத்தான். இங்கிலாந்து வேல்ஸ் சென்சஸ்ல தன்ன கிறிஸ்தவர்னு சொன்னவங்க 2011ல 59.3 சதவீதம், 2021ல 46.2, ஆனாலும் அங்க அரசு அங்கீகாரம் உள்ள சர்ச் ஆஃப் இங்கிலாந்தோட பிஷப்புங்களுக்கு பார்லிமெண்ட் மேல்சபைல 26 சீட் அப்படியே இருக்கு. சட்டம், பள்ளிக்கூடம், கல்யாண விதி, தேர்தல் இதுக்குள்ள போய் உக்காந்துட்ட செல்வாக்கு ஜனங்களோட நம்பிக்கை கொறையற வேகத்துல கொறையாது, அத இந்த டேபிள்ல தேடாதீங்க. அப்புறம் நாத்திகன்னு சொன்னா ஆபத்துங்கற நாடுகள்ல வர்ற பதில எவ்ளோ நம்பறதுங்கறதும் கேள்விதான்.

இன்னொரு குறை, எல்லா நாடும் எல்லா சுற்றுலயும் இல்ல, அதனால நீளமா ஒப்பிட முடியற நாடுங்க கம்மி. பிறப்பு விகிதத்தால உலக அளவுல மதங்களோட பங்கு எப்படி மாறுதுங்கறதுக்கு ப்யூ ரிசர்ச் சென்டர்ங்கற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தோட அறிக்கைங்களத்தான் பாக்கணும், பக்தி அதிகமா இருக்கற சமூகங்கள்ல பொதுவா குழந்தைங்க அதிகம்ங்கறதால அது ரொம்பவே முக்கியம்.

5க்கு 4 குடுப்பேன். சும்மா பாக்கறவங்களுக்கு ஆன்லைன் டேபிளே போதும், புள்ளியியல் சாஃப்ட்வேர் தெரிஞ்சவங்க மொத்த டேட்டாவயும் எறக்கி சொந்தமா கணக்கு போட்டுப் பாருங்க.