தங்கையின் பிரசவம்: திருவையாறு முதல் தஞ்சாவூர் வரை

தங்கையின் பிரசவத்துக்காகச் சிங்கப்பூரில் இருந்து திருவையாறு பக்கம் எங்கள் ஊருக்கு வந்திருந்தேன். குழந்தையின் வளர்ச்சி குறைகிறது என்பதை முதலில் பிடித்தவர் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மாதான். கையில் இருந்தது வெறும் இஞ்ச் டேப். 24 வாரத்துக்கு அப்புறம் கர்ப்பப்பையின் உயரம் சென்டிமீட்டரில் ஏறக்குறைய வாரக் கணக்கோடு ஒத்துப்போகும். தங்கைக்கு 34 வாரத்தில் 30தான். “நாளைக்கே ஸ்கேன் எடுத்துடும்மா” என்று அட்டையில் எழுதிக் கொடுத்தார். அவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

தனியார் ஸ்கேன் சென்டரில் பாதி நாள் போயிற்று. குழந்தை எடை குறைவு என்று எழுதிவிட்டு, டாப்ளர் (ரத்த ஓட்டத்தை அளக்கும் ஸ்கேன்) பார்க்காமலே “நல்லா சாப்பிடச் சொல்லுங்க” என்று அனுப்பிவிட்டார்கள். இது எனக்குக் கோபம் வந்த இடம். வீட்டில் முட்டையும் பேரீச்சம்பழமும் குவிந்தன; தான் சரியாகச் சாப்பிடாததுதான் காரணம் என்று தங்கை அழுதாள். பெரும்பாலும் இது நஞ்சுக்கொடியின் கோளாறு. அதன் வழியே போகும் ரத்தம் குறைந்தால், தாய் கூடுதலாகச் சாப்பிடுவதால் மட்டும் அது சரியாகிவிடாது.

தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனைக்குப் போனோம். கூட்டம் சொல்லி முடியாது. ஆனால் டாக்டரம்மா உட்கார வைத்துச் சொன்னார்: குழந்தையின் எடை, அந்த வாரத்துக்கான 3-ஆம் பெர்சென்டைலுக்கும் கீழே (அதாவது அதே வாரத்தில் நூறில் 97 குழந்தைகள் இதைவிடப் பெரிதாக இருக்கும்), தொப்புள்கொடி ரத்த ஓட்டமும் பனிக்குட நீரும் சரியாக இருக்கின்றன, அதனால் 37 வாரம் வரை காத்திருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். குழந்தையின் இதயம் விரிகிற நேரத்தில் தொப்புள்கொடியில் ரத்த ஓட்டமே இல்லாமல் போயிருந்தால் 34 வாரத்திலேயே குழந்தையை எடுத்திருப்பார்களாம். வாராவாரம் டாப்ளர், குழந்தையின் இதயத் துடிப்புப் பரிசோதனை, தங்கைக்கு பிபி. எடையை மட்டும் இரண்டு வாரம் விட்டுத்தான் அளந்தார்கள். அதற்குள் அளந்தால் வளர்ந்ததா, அளவில் பிழையா என்று தெரியாதாம்.

குழந்தையின் அசைவு குறைந்தால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும் என்று அம்மாவிடமும் தனியாகச் சொல்லி அனுப்பினார். அம்மா அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார்.

37 வாரத்தில் வலி வர வைத்தார்கள். பெண் குழந்தை, 1.9 கிலோ. குதிகாலில் குத்திச் சர்க்கரை அளவு பார்த்தார்கள், தங்கையின் நெஞ்சோடு ஒட்டி வைத்துச் சூடு காத்தார்கள்.

பிரசவத்துக்கு ஊருக்கு வருகிறவர்கள் முதல் மூன்று மாதத்து ஸ்கேன் ரிப்போர்ட்டை மறக்காமல் எடுத்து வாருங்கள். வாரக் கணக்கு அதில் இருந்துதான் தொடங்குகிறது. அது தப்பினால் குழந்தை சிறிதா இல்லையா என்பதே குழம்பிவிடும்.